விதையிட்டவன் ஒருவன், கனி உண்பவன் ஒருவன்

தினையை விதைத்தவனுக்குத் தினையும், வினையை விதைத்தவனுக்கு வினையுமே விளையும் என்பது எம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழியாகும். சைவ சமயத்தின் வினைக்கொள்கையைப் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கவைக்க இதனை விடச் சிறந்த உவமை கிடைப்பது அரிது. ஆயினும் இவ்வுவமை வயலிலே பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தினை, வரகு, நெல் முதலியன சில மாதங்களிலே விளைந்துவிடும். விதைத்தவனே அறுப்பான். எதை விதைத்தானோ அதையே அறுப்பான். வயலை விட்டு வீட்டு வளவுக்கு வந்து, கிணற்றடியிலே ஒரு மாங்கொட்டையைப் புதைத்துப் பார்த்தால் கதை வேறாகிவிடுகின்றது. அங்கே விதைத்தவனே உண்பான் என்ற நிச்சயமும் இல்லை. விதைத்த பழமே பழுக்கும் என்ற நிச்சயமும் இல்லை. அப்படியாயின், தான் உண்ணாமலே போகக்கூடிய, சுவை இன்னதென்றும் அறிய முடியாத ஒரு கனிக்காக மனிதன் ஏன் பாடுபட வேண்டும்? பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இக்கேள்வி, அறத்தைப் பற்றிய பெரிய கேள்விகளுள் ஒன்று என்பது எனது எண்ணம்.

முதலிலே விதையின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். இனிப்பான மாம்பழமொன்றை உண்டு அதன் கொட்டையை நடுகின்றோம். தாய்மரம் எதுவென்று எமக்குத் தெரியும். ஆனால் பூத்த காலத்திலே எந்த வளவு மரத்தின் மகரந்தத்தை எந்த ஈ சுமந்து வந்தது என்பது எவருக்கும் தெரியாது. கொட்டைக்குள் இருப்பது தாயும் தந்தையும் கலந்த ஒரு புதிய பிள்ளை. அது செந்தளிர் விட்டு வளர்ந்து காய்ப்பதற்கு ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். சில பத்தாண்டுகளும் எடுக்கும். அதன்பின் வரும் பழம் தாயைப் போல இனிக்கலாம், நார் மிகுந்து புளிக்கலாம், இரண்டுக்கும் இடைப்பட்டதாகவும் இருக்கலாம். பலாவும் அப்படியே. வருக்கன் பலாவின் கொட்டையை நட்டவன் கூழன் பலாவைக் கண்டு முகம் சுளித்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

இதற்கு விலக்கும் இருக்கின்றது. சில மா இனங்களின் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வருவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பால் வந்தவை அல்ல. தாயின் உடலிழையத்திலிருந்தே தோன்றியவை. ஆகவே அவை தாயைப் போலவே காய்க்கும். வெள்ளைக்கொழும்பான் இவ்வகையைச் சேர்ந்தது. தேசி, தோடை விதைகளிலும் இத்தன்மை உண்டு. அதனால் கொட்டையிலிருந்து வந்தது எல்லாமே பிழைத்துப்போகும் என்று சொல்வதும் தவறு.

ஆயினும் எம் மண்ணிலே இக்கேள்வியை முழு வடிவிலே எழுப்பும் மரம் பனைதான். பனைக்கு ஒட்டும் இல்லை, பதியமும் இல்லை. விதை ஒன்றே வழி. ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பாளை தள்ளும் வரையில் எது ஆண், எது பெண் என்று கண்ணாற் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். மாங்கொட்டையை நடுபவனுக்குப் பழத்தின் சுவைதான் தெரியாது. பனங்கொட்டையை நடுபவனுக்கோ அது காய்க்குமா காய்க்காதா என்பதே தெரியாது. தென்னையை வைத்தவன் உண்டுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று பெரியோர் சொன்னது இதனாற்றான்.

எங்கள் ஊரிலே முதியவர் ஒருவர் ஆவணி, புரட்டாதி மாதங்களிலே வேலியோரமாகப் பனங்கொட்டைகளைப் புதைத்துக்கொண்டு போவார். பாடசாலை செல்லும் பையன் ஒருவன் ஒருநாள், "அப்பு, இது காய்க்கிற காலத்திலை நீங்கள் இருப்பியளோ?" என்று கேட்டுவிட்டான். கிழவர் கோபிக்கவில்லை. "நான் இல்லாட்டி என்ன மோனை, ஊர் இருக்கும்தானே" என்றார். பையன் விடவில்லை. "ஊரும் இல்லாட்டி?" என்றான். "காகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழியைத் தோண்டினார். அந்தப் பையனின் கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல என்பதைப் பின்வந்த ஆண்டுகள் எமக்குக் காட்டின. அதனைப் பிறகு சொல்கின்றேன்.

பனையைப் பற்றிய இன்னொரு விடயமும் சிந்திக்கத்தக்கது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராமல் முதலில் கீழே இறங்குகின்றது. நிலத்துக்குள் அது கிழங்காகின்றது. பாத்தியிலே நெருக்கி அடுக்கி, நான்கு ஐந்து மாதங்களில் கிளறி எடுத்து, அவித்தும், காயவைத்து ஒடியலாக்கியும் உண்கின்றோம். நாம் உண்ணும் ஒவ்வொரு கிழங்கும், விட்டிருந்தால் மரமாகியிருக்கக்கூடிய ஒன்று. இதிலே பாவம் எதுவும் இல்லை. பசித்த வயிற்றுக்கு உணவிடுவதற்காகவே பாத்தி போடப்படுகின்றது. எனினும் ஒரே கொட்டை ஒருவன் கையில் இந்த வருடத்து உணவாகவும், இன்னொருவன் கையில் இனிவரும் தலைமுறையின் மரமாகவும் நிற்கின்றது. எம் முன்னோர் இரண்டையும் செய்தார்கள். பாத்தியும் போட்டார்கள், வேலியோரத்திலும் புதைத்தார்கள்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றையும் இங்கே கூறுவது பொருத்தமாகும். எங்கள் மல்கோவாவின் பெயரையே தாங்கிய மாமரம் ஒன்று 1889 ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்த இனத்தின் விதைகளை, இளைப்பாறிய படை அதிகாரியான கப்டன் ஜோன் ஹேடன் என்பவர் 1902 இல் புளொரிடாவிலுள்ள தமது வளவிலே முளைக்கவைத்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவருடைய மனைவியார் அக்கன்றுகளைப் பராமரித்து வந்தார். 1910 இல் அவற்றுள் ஒன்று செம்மையும் மஞ்சளும் கலந்த அழகிய பழத்தைத் தந்தது. அது தாயைப் போன்ற பழம் அன்று, புதியதொன்று. நட்டவரின் பெயராலேயே அது ஹேடன் மா எனப்பட்டது. உலகச் சந்தைகளில் இன்று பெருமளவில் விற்கப்படும் ரொமி அற்கின்ஸ் என்ற மாம்பழமும் ஹேடன் மாவின் வித்திலிருந்து வந்ததே. நட்டவர் அதன் பூவைத்தானும் கண்டிலர். ஏழு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றியவர் வேறொருவர். அவருக்கும் என்ன பழம் வரும் என்று தெரிந்திருக்கவில்லை. அம்மையாரின் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை என்பது எனக்குச் சற்று மனவருத்தம் தருவதுண்டு.

இனி, ஏன் நட வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு எம்மவர் வழமையாகச் சொல்லும் விடை, "பிள்ளைகளுக்காக" என்பது. இது நல்ல விடையே. ஆனால் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும்போது இந்த விடை தளர்ந்துவிடுகின்றது. பலர் வளவிலே எதுவும் நடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். "ஆருக்கு? பிள்ளையள் வரப்போகினமோ?" என்று கேட்கின்றார்கள். என் பிள்ளை உண்ணாவிட்டால் அந்தப் பழம் வீண் என்று கருதுவதானால், நான் பிள்ளைக்காக நடவில்லை. எனது நீட்சிக்காகவே நட்டேன் என்றாகிவிடும்.

இரண்டாவது விடை புண்ணியம் என்பது. மரம் வைத்தல், குளம் தொடுதல் என்பன அறச்செயல்கள் எனப் பெரியோர் வகுத்துள்ளனர். உண்மையே. ஆனாலும் சைவசித்தாந்தம் இந்த இடத்திலே எம்மை எச்சரிக்கின்றது. தீவினை இரும்பு விலங்கு என்றால் நல்வினை பொன் விலங்கு என்பர். மறுமையில் இத்தனை மடங்கு கிடைக்கும் என்று எண்ணி மரம் வைப்பவன் வட்டிக்குக் கொடுப்பவனை ஒத்தவன். பலம் என்ற வடசொல்லுக்குப் பழம் என்ற பொருளும் உண்டு, செயலின் விளைவு என்ற பொருளும் உண்டு. கர்ம பலன் என்பதன் நேர்ப்பொருள் வினையின் பழம் என்பதே. அந்தப் பழத்திலே பற்று வையாமல் கடமையைச் செய் என்று கீதை கூறும்போது, அதனைச் செய்து பார்ப்பதற்கு வீட்டு வளவிலே ஒரு கொட்டையைப் புதைப்பதை விட எளிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஏனைய செயல்களிலே பற்றை நாம் முயன்று விலக்க வேண்டும். பனை வைப்பவனுக்குப் பற்று வைப்பதற்கே இடமில்லை.

மூன்றாவது விடை கடன் என்பது. இதுவே எனக்குச் சரியானதாகப் படுகின்றது. சிறுவயதிலே நாம் ஏறி விளையாடிய மரம் எதையும் நாம் நடவில்லை. "ஆச்சி வைச்ச மா", "பெரியப்பு வைச்ச பிலா" என்றே அவற்றுக்குப் பெயர் இருந்தது. அந்த ஆச்சியை நாம் கண்டதும் இல்லை. அவருக்கு நாம் பட்ட கடனை அவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது; அவர் வாங்கும் நிலையில் இல்லை. பிதிர்க்கடனை எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தீர்க்கின்றோம். பழத்தாற் பட்ட கடனைப் பழத்தாற்றானே தீர்க்க வேண்டும்? அதைப் பெற்றுக்கொள்ளக்கூடியவர்கள் இனிப் பிறக்கப்போகின்றவர்கள் மட்டுமே. அவர்கள் எம் வயிற்றிலே பிறப்பார்களா, அடுத்த வீட்டிலே பிறப்பார்களா என்பது கடனைத் தீர்ப்பவன் கேட்கவேண்டிய கேள்வி அல்ல.

காரைக்காலம்மையாரின் வரலாற்றை இவ்விடத்திலே நினைத்துக்கொள்ளலாம். கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்கு அம்மையார் கொடுத்தார். மற்றையதைக் கணவனுக்குப் படைத்தபின், அவன் இரண்டாவதையும் கேட்க, இறையருளால் ஒரு கனி கிடைத்தது. வந்த கனி கொடுத்த கனி அன்று. அதன் சுவை வேறாக இருந்தபடியாற்றான் கணவன் ஐயுற்று வினவினான். கொடுத்தது ஒன்று, வந்தது வேறொன்று. அறத்தின் கணக்கு வயற்கணக்குப் போல நேர்நேராக அமைவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று எனலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயத்தையும் மறைக்கக்கூடாது. இரண்டு பரப்புக் காணியிலே வீடும் கிணறும் போக மிஞ்சும் இடத்தில் என்ன காய்க்கும் என்று தெரியாத ஒன்றை நட்டு எட்டு வருடம் காத்திருப்பது மடமை அல்லவா? நல்ல ஒட்டுமாங்கன்று மூன்று நான்கு வருடங்களில் காய்க்கும், பழமும் இன்னதென்று தெரியும், மரமும் அடக்கமாக நிற்கும். இவை யாவும் சரியே. ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் உண்டென்றால் ஒட்டுக்கன்றையே வையுங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் ஒட்டுக்கன்றின் அடியை உற்றுப் பாருங்கள். ஒட்டிய இடத்துக்குக் கீழே நிற்பது யாரோ ஒருவர் கொட்டையிலிருந்து முளைக்கவைத்த கன்று. கீழே அந்த வேர் இல்லாமல் மேலே அந்தப் பழம் இல்லை. மேலும், கறுத்தக்கொழும்பான் முதலாக நாம் பெயர் சொல்லி விரும்பும் ஒவ்வொரு மாவும் ஒருகாலத்தில் எவரோ ஒருவரின் வளவிலே, என்ன காய்க்கும் என்று தெரியாமல் நின்ற விதைமரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எல்லோரும் நிச்சயத்தையே நடுவார்களாயின் புதிய பழம் எங்கிருந்து வரும்?

புளித்த மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டையிலிருந்து வந்த மா புளித்துவிட்டால் கோடரியைத் தேடுபவர்கள் உளர். எங்கள் பெண்கள் அப்படி நினைக்கவில்லை. புளிக்கும் மாங்காயே ஊறுகாய்க்கும் கறிக்கும் உகந்தது என்று அவர்கள் கண்டார்கள். விரும்பினால் அதே மரத்தைத் தறித்து, வரும் தளிரிலே நல்லினத்தை ஒட்டவும் முடியும். பிள்ளை வைத்தியராக வரவில்லை என்று அவனை வீட்டை விட்டுத் துரத்துவோமா? (சிலர் துரத்தாவிட்டாலும் முகம் பாராமல் இருக்கின்றார்கள், அது வேறு கட்டுரைக்கு உரியது.)

மரம் யாருடையது என்ற வினாவும் இதனோடு சேர்ந்ததே. ஊரின் நடுவே பழுத்த பயன்மரத்துக்கு ஒப்புரவாளனின் செல்வத்தை வள்ளுவர் ஒப்பிட்டார்; எவராலும் விரும்பப்படாதவனின் செல்வத்தை ஊர் நடுவே பழுத்த நச்சுமரத்துக்கு ஒப்பிட்டார். எம் நாட்டுச் சட்டமும் ஓரளவுக்கு அவர் வழியிலேயே நிற்கின்றது. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தம் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்கக்கூடாது. உறுதியிலே காணி உமது பெயரில் இருக்கலாம், பசித்தவனுக்கு உணவாகும் மரம் முழுவதும் உமது அல்ல என்பதுதானே இதன் பொருள்? அதற்கு முன்னரே தென்னிலங்கையிலே பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் என்பவர், 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து ஆங்கிலேய ஆட்சியாளராற் சிறையிடப்பட்டு மீண்டவர், நாடெங்கும் பத்து இலட்சம் பலாமரங்களை உண்டாக்க வேண்டும் என்று முயன்றார். சிங்கள மக்கள் அவரை அன்போடு 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்றே அழைத்தனர். பெரும் செல்வந்தரான அவருக்கு ஊர் வைத்த பெயர் ஒரு பழத்தின் பெயர்.

எல்லை வேலிக்கு மேலாகச் சாய்ந்த கிளைக்காக நீதிமன்றம் வரை சென்றவர்களும் எம்மிடையே உண்டு. அவர்களைப் பற்றி அதிகம் பேசாமல் விடுவதே நன்று. பழம் விழும்போது உறுதியைப் பார்த்து விழுவதில்லை.

முன்னர் சொன்ன பையனின் கேள்விக்கு வருகின்றேன். "ஊரும் இல்லாட்டி?" என்று அவன் கேட்டான். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் வீதிக்கு வந்தது. கிளாலிக் கடலேரியைக் கடந்தவர்களின் பொதிகளிலே உறுதியும் அடையாள அட்டையும் நகையும் இருந்தன. மரத்தை எவராலும் கொண்டுசெல்ல முடியவில்லை. போர் 2009 இல் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது திரும்பிச் சென்றவர்கள் கண்டது என்ன? கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக் கட்டு இடிந்திருந்தது. குசினி இருந்த இடத்திலே, நிலத்தைப் பிளந்துகொண்டு மரங்கள் நின்றன. சில வளவுகளில் பழைய மாமரத்தின் கீழே உதிர்ந்த கொட்டைகள் முளைத்துத் தோப்பாகியிருந்தன. எவரும் நடாதவை, எவரும் நீர் வார்க்காதவை. இடைப்பட்ட காலத்திலே அவற்றின் பழங்களை உண்டவர்கள் யாரார் என்று சொல்ல வேண்டியதில்லை. நட்டவரின் பிள்ளைகள் அல்லர் என்பது மட்டும் உறுதி. அணிலும் வௌவாலும் உண்டிருக்கும். காவலில் நின்ற, வேறு மொழி பேசிய இளைஞனும் உண்டிருப்பான். அவனும் எங்கோ ஒரு கிராமத்திலே ஒரு தாயின் பிள்ளை.

இதனைச் சிலர் பெரும் அநியாயம் என்பர். காணியைப் பறித்தது அநியாயமே. அதிலே எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இன்னும் திரும்ப முடியாதவர்கள் இருக்கின்றார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் மரம் அந்த அநியாயத்திலே பங்குகொள்ளவில்லை. யார் வந்து நின்றாலும் அது பழுத்தது. ஊரே இல்லாத காலத்திலும் அந்தக் கிழவரின் விடை பொய்க்கவில்லை. காகம் இருந்தது. ஊர் திரும்பியபோது நிழலும் இருந்தது. கூரை போடும் வரைக்கும் அந்த நிழலிலேதான் பலர் அடுப்பு மூட்டினார்கள்.

நடுவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பராமரிப்பைச் சொல்லாமல் விட்டால் அது முறையன்று. மரநடுகை விழா என்ற பெயரில் பிரமுகர்களை அழைத்து, மாலை போட்டு, படம் எடுத்து நடப்பட்ட கன்றுகள் அடுத்த சித்திரை வெயிலிலே கருகிப்போவதை நாம் பார்க்கின்றோம். அவ்வாறான விழா ஒன்றிலே, முந்திய ஆண்டு வெட்டிய அதே குழியிலேயே மறுபடியும் கன்று வைக்கப்பட்டதை நான் நேரிலே கண்டேன். நடுவது அரை மணி நேர வேலை. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவதே அறம்.

எமது ஆலயத்திலே திருவிழாக் காலத்தில் அன்னதானம் நடைபெறுகின்றது. மாம்பழமும் பலாப்பழமும் அடியார்கள் கொண்டுவந்து தருகின்றார்கள். கொட்டைகள் குப்பைக் கிடங்குக்குப் போகின்றன. அவற்றை ஒரு கடகத்திலே சேர்த்து அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்று பரிபாலன சபையினரிடம் பணிவோடு கேட்டுக்கொள்கின்றேன். பலாக்கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்காது. ஆகையால் ஓரிரு நாட்களுக்குள் வழுவழுப்பைக் கழுவி நட்டுவிட வேண்டும். மாங்கொட்டையின் தடித்த ஓட்டை ஓரத்தில் கவனமாகப் பிளந்து உள்விதையை எடுத்து நட்டால் விரைவில் முளைக்கும். இரண்டையும் ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். ஒரே கொட்டையிலிருந்து பல முளை வந்தால் அவசரப்பட்டுக் கிள்ளிவிடாமல், வேரோடு மெதுவாகப் பிரித்து வேறு வேறாக வைக்கலாம். பலாவுக்கு ஆணிவேர் விரைவாக இறங்கும். பொலித்தீன் பையிலே நீண்டநாள் வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும், ஆதலால் நிற்கவேண்டிய இடத்திலேயே நேராகக் கொட்டையை ஊன்றுவது நல்லது. சுற்றிவரப் பனைமட்டையால் ஆளுயர அடைப்பு வேண்டும். எங்கள் ஊர் ஆடுகளுக்குப் பலாவின் தளிர் மிகவும் பிடிக்கும்.